அத்தியாயம் 6: ஆபரேஷனுக்குப் பிறகு அதிக உதிரப்போக்கும் அடிவயிற்று வலியும் – அளப்பது, எழுதுவது, வரிசையாகக் கேட்பது

சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு, டி அண்ட் சி, நார்க்கட்டி நீக்கம், சினைப்பைக் கட்டி அகற்றுதல் என்று ஏதோ ஒரு ஆபரேஷன் உங்களுக்கு நடந்து முடிந்திருக்கிறது. தையல் ஆறிவிட்டது, வீட்டு வேலைக்குத் திரும்பிவிட்டீர்கள். ஆனால் மாதவிலக்கு முன்பு போல இல்லை. கட்டி கட்டியாகப் போகிறது, நாள் நீளுகிறது, அடிவயிறு இழுத்துப் பிடிக்கிறது. இப்படி இருப்பவர்கள் தமிழ்நாட்டில் கொஞ்சநஞ்சம் பேர் இருக்க முடியாது. 2019-21 தேசிய குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இங்கே நடக்கும் பிரசவங்களில் 44.9 சதவீதம் சிசேரியன். திருமணமான பெண்களில் 57.8 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள். 15 முதல் 49 வயதுள்ள பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. உறையூரிலோ ஸ்ரீரங்கத்திலோ ஒரு தெருவில் பத்துப் பெண்கள் கூடி உட்கார்ந்தால், இந்த மூன்றில் ஒன்றாவது இல்லாதவரைக் கண்டுபிடிப்பது கஷ்டம்.

இந்தப் பெண்களுக்கு வழக்கமாகக் கிடைப்பவை இரண்டு பதில்கள். "ஆபரேஷன் பண்ணினா அப்படித்தான் இருக்கும், பொறுத்துக்கோ" என்பது முதல் பதில். சில வருடம் பொறுத்த பிறகு வருவது "கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் தொல்லை விட்டது" என்ற இரண்டாவது பதில். இந்த இரண்டுக்கும் நடுவே செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. அதில் பாதியை நீங்களே வீட்டில் செய்யலாம். மூன்று தாள்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும்: பழைய ஆபரேஷனின் டிஸ்சார்ஜ் சீட்டு, மூன்று மாத உதிரப்போக்குக் குறிப்பு, ரத்தப் பரிசோதனை முடிவு. உயிருக்கு ஆபத்தான அவசரம் இல்லாதவரை, இந்த மூன்றும் இல்லாமல் இரண்டாவது ஆபரேஷனுக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஏன் என்பதைப் போகப்போகச் சொல்கிறேன். அதற்கு முன்னால் பாதுகாப்பு.

எழுதிக்கொண்டிருக்க நேரமில்லாத நிலைமைகள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் குறிப்பேடு, காத்திருப்பு எதுவும் வேண்டாம். 108-ஐக் கூப்பிடுங்கள், அல்லது பக்கத்தில் இருக்கும் மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

1. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேடு முழுவதும் நனைந்து, அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் தொடர்வது.
2. எழுந்து நின்றால் கண் இருட்டுவது, மயக்கம், படபடப்பு, குளிர்ந்த வியர்வை.
3. நாள் தள்ளிப்போயிருக்கும்போது ஒரு பக்கமாகக் கடும் வயிற்றுவலி. அதோடு தோள்பட்டை நுனியிலும் வலி இருந்தால் இன்னும் அவசரம். குடும்பக் கட்டுப்பாடு செய்தவர்களுக்கும் இது பொருந்தும்.
4. 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், தையலில் சீழ்.
5. ஆபரேஷன் ஆன சில வாரங்களுக்குள் ஒரு காலில் மட்டும் வீக்கம், கெண்டைக்கால் வலி, திடீர் மூச்சுத்திணறல்.
6. வயிறு உப்பி, வாந்தி எடுத்து, காற்றும் மலமும் பிரியாமல் நிற்பது; சிறுநீர் போக முடியாமல் தவிப்பது.
7. கர்ப்பப்பையை முழுவதும் எடுத்த பிறகு புதிதாக ரத்தம் வருவது. கொட்டாமல் லேசாகப் பட்டாலும் அந்த வாரத்துக்குள் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

மூன்றாவது அறிகுறியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறவிடப்படுவது அதுதான். "எனக்குத்தான் ஆபரேஷன் ஆகிவிட்டதே, கர்ப்பமாவது எப்படி?" என்று கேட்பவர்கள் பலர். அமெரிக்காவில் பல்லாயிரம் பெண்களைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு ஒன்றில், கருத்தடை ஆபரேஷன் செய்த 1,000 பேரில் சுமார் 18 பேர் பத்து ஆண்டுகளுக்குள் கருத்தரித்தார்கள். அந்தக் கர்ப்பங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று கருக்குழாயில் தங்கியது. அது வெடித்தால் வயிற்றுக்குள்ளேயே ரத்தம் கொட்டும், வெளியே கொஞ்சம்தான் தெரியும். ஆகவே நாள் தள்ளிப்போனாலும், உதிரப்போக்கு முறை மாறினாலும், முதல் பரிசோதனை சிறுநீரில் செய்யும் கர்ப்பப் பரிசோதனை. வெட்கப்படவோ கோபப்படவோ இதில் ஒன்றுமில்லை. டாக்டர் கேட்டால் அவர் சரியாகத்தான் கேட்கிறார்.

முதல் தாள்: நடந்தது என்ன ஆபரேஷன்?

"வயித்துல ஆபரேஷன்" என்று மட்டும் தெரிந்திருப்பது போதாது. கர்ப்பப்பை எடுத்தாயிற்று என்று சொல்பவர்களில் கழுத்துப் பகுதி விடப்பட்டதா, சினைப்பைகள் இருக்கின்றனவா என்று தெரியாதவர்கள் உண்டு. சிசேரியனின்போதே காப்பர்-டி வைக்கப்பட்டது நினைவில்லாதவர்களும் உண்டு. காப்பர்-டி மாதவிலக்கை அதிகமாக்கும், வலியையும் கூட்டும். அது உள்ளே இருப்பது தெரியாமல் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குவது வீண்.

படி 1. டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்து இவற்றைப் பாருங்கள்: ஆபரேஷனின் பெயர், தேதி, கருக்குழாய் கட்டப்பட்டதா, காப்பர்-டி வைக்கப்பட்டதா, எந்த உறுப்பு எடுக்கப்பட்டது, சதைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா, ரத்தம் ஏற்றினார்களா. எழுத்து புரியவில்லை என்றால் உங்கள் பகுதி கிராம சுகாதார செவிலியரிடமோ நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ காட்டி வாசித்துத் தரச் சொல்லுங்கள்.

படி 2. சீட்டு தொலைந்திருந்தால் ஆபரேஷன் நடந்த மருத்துவமனையின் ஆவணப் பிரிவில் எழுத்து மூலம் கேளுங்கள். உள்நோயாளி எண் இல்லாவிட்டால் சேர்ந்த தேதியும் அப்போது கொடுத்த பெயரும் முகவரியும் உதவும். 2002-இல் வந்த மருத்துவர் நடத்தை விதிகளின்படி உள்நோயாளி ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். இதைச் சண்டைக்காகச் சொல்லவில்லை. கேட்பது உங்கள் உரிமை என்று தெரிந்தால் குரல் தயங்காது.

படி 3. கிடைத்ததைச் செல்போனில் படம் எடுத்து, வீட்டில் இன்னொருவர் போனுக்கும் அனுப்பி வையுங்கள். மூலச் சீட்டை எந்த மருத்துவமனையிலும் விட்டுவிட்டு வராதீர்கள். நகல் கொடுங்கள்.

இரண்டாவது தாள்: மூன்று மாதக் குறிப்பு

எவ்வளவு போகிறது என்று டாக்டர் கேட்கும்போது "ரொம்பப் போகுது டாக்டர்" என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். ஒரு மாதவிலக்கில் 80 மில்லிக்கு மேல் போனால் அதிகம் என்பது பழைய அளவுகோல். அதை வீட்டில் யாரும் அளக்க முடியாது. அதற்குப் பதிலாக 1990 முதல் உலகெங்கும் பயன்படும் எளிய புள்ளி முறை ஒன்று இருக்கிறது. மாதக் காலண்டரின் பின்பக்கமே இதற்குப் போதும்.

1. ஒவ்வொரு நாளும் மாற்றிய பேடுகளை மூன்று வகையாகக் குறியுங்கள்: லேசாகப் பட்டது 1 புள்ளி, பாதி நனைந்தது 5 புள்ளி, முழுதும் நனைந்தது 20 புள்ளி.
2. சிறு கட்டிக்கு 1, பெரிய கட்டிக்கு 5. பத்து ரூபாய் நாணயத்தின் அகலம் 27 மில்லிமீட்டர். அதற்குச் சமமாகவோ பெரியதாகவோ இருந்தால் பெரிய கட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். துணியோ படுக்கையோ நனையும்படி கொட்டினால் ஒவ்வொரு தடவைக்கும் 5.
3. மாதவிலக்கு முடிந்ததும் கூட்டுங்கள். 100-ஐத் தாண்டினால் அது அதிக உதிரப்போக்கு. தாண்டாவிட்டாலும் அது உங்கள் வேலையையும் தூக்கத்தையும் கெடுக்கிறது என்றால் சிகிச்சை தேவைதான்.
4. வலிக்கு 0 முதல் 10 வரை ஒரு எண் போடுங்கள். பக்கத்தில் நேரத்தை எழுதுங்கள்: ரத்தம் வருவதற்கு முன்பா, வரும்போதா, நின்ற பிறகா, மலம் போகும்போதா, சிறுநீர் கழிக்கும்போதா, தாம்பத்தியத்தின்போதா.
5. மாதவிலக்கு நின்ற பிறகு பழுப்பாகச் சொட்டுச் சொட்டாக வரும் நாட்களைத் தனி நிறத்தில் குறியுங்கள். சிசேரியன் ஆனவர்களுக்கு இது மிக முக்கியம். காரணம் பின்னால் வருகிறது.
6. விழுங்கிய மாத்திரை ஒவ்வொன்றையும் எழுதுங்கள்.

குறிப்பு: மூன்று மாதமும் ஒரே வகை பேடு பயன்படுத்துங்கள். நாப்கின் மாறினால் புள்ளியும் மாறிவிடும். துணி பயன்படுத்துபவர்கள் எத்தனை முறை மாற்றினீர்கள், இரவில் எழுந்து மாற்ற வேண்டியிருந்ததா என்று எழுதினால் போதும்.

ஆறாவது படியை நம் ஊரில் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. வைகுண்ட ஏகாதசி, சித்திரைத் தேர், சமயபுரம் பூச்சொரிதல், வீட்டுக் கிரகப்பிரவேசம் என்று ஏதாவது ஒன்றுக்காக மாதவிலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருந்துக்கடையில் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் திருச்சி, ஸ்ரீரங்கத்தில் பல வீடுகளில் உண்டு. அது ஒரு ஹார்மோன். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரப்போக்கு தொடங்கும், வழக்கத்தைவிட அதிகமாகவும் வரலாம். அந்த மாதத்தைக் கணக்கில் சேர்த்தால் முழுக் குறிப்பும் பிசகிவிடும்; அதைத் தனியாகக் குறித்துவிட்டு, இன்னொரு மாதம் கூடுதலாக எழுதுங்கள். முன்பு ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி வந்தவர்களும், ஆபரேஷன் ஆகிச் சில வாரங்களே ஆனவர்களும் டாக்டரைக் கேட்காமல் அந்த மாத்திரையைத் தொடவே கூடாது. கோயிலுக்குப் போவதா வேண்டாமா என்பது உங்கள் முடிவு, அதில் நான் தலையிடவில்லை. மாத்திரையின் பெயரை டாக்டரிடம் மறைக்காதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

"ஸ்கேன் எடுத்தால் எல்லாம் தெரிந்துவிடாதா, இந்த எழுத்து வேலை எதற்கு?" என்று கேட்கலாம். ஸ்கேன் கர்ப்பப்பையின் அமைப்பைக் காட்டும். எவ்வளவு ரத்தம் போகிறது, வலி எந்த நாளில் வருகிறது என்பதெல்லாம் அதில் தெரியாது. சிறு நார்க்கட்டியோ, கர்ப்பப்பைச் சுவர் தடித்திருப்பதோ எந்தத் தொல்லையும் இல்லாத பெண்களுக்கும் ஸ்கேனில் தென்படும். குறிப்பு இல்லாமல் ஸ்கேனை மட்டும் வைத்துப் பேசினால், தற்செயலாகத் தெரிந்த கட்டியின் மேல் பழி விழும், உண்மையான காரணம் தப்பிவிடும். "மூன்று மாதம் எழுதிக்கொண்டிருந்தால் அதற்குள் ரத்தமெல்லாம் போய்விடுமே?" என்பது அடுத்த கேள்வி. அது நியாயமான கவலை. அதனால்தான் ரத்தப் பரிசோதனையை மூன்று மாதம் தள்ளிப்போடாமல் முதல் வாரமே செய்துவிட வேண்டும் என்கிறேன். ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் அன்றே சிகிச்சை தொடங்கட்டும்; எழுதுவது பக்கத்திலேயே நடக்கட்டும்.

"எல்லாம் அந்த ஆபரேஷனால் வந்தது" என்பது எவ்வளவு உண்மை?

இதற்கு ஆபரேஷனுக்கு ஆபரேஷன் பதில் வேறு. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனை எடுத்துக்கொள்வோம். 2000-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஆய்வு, கருத்தடை ஆபரேஷன் செய்த 9,514 பெண்களையும், கணவருக்கு ஆபரேஷன் ஆன 573 பெண்களையும் ஐந்து ஆண்டுகள் வரை ஒப்பிட்டது. ஆபரேஷன் ஆன பெண்களுக்கு உதிரப்போக்கோ வலியோ கூடவில்லை. சொல்லப்போனால் இரண்டும் குறைந்ததாகச் சொன்னவர்கள்தான் அதிகம். சுழற்சி ஒழுங்கு தவறுவது மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. அமெரிக்கப் பெண்களின் கணக்கு நமக்குப் பொருந்துமா என்று கேட்பீர்கள். வாழ்க்கையும் சாப்பாடும் வேறுதான். ஆனால் கருக்குழாயைக் கட்டுவதால் கர்ப்பப்பையின் உள்சுவர் தடிக்காது என்ற உடற்கூறு எங்கும் ஒன்றுதான். அப்படியானால் இத்தனை பெண்கள் சொல்வது பொய்யா? இல்லை. நம் ஊரில் இந்த ஆபரேஷன் பெரும்பாலும் இருபதுகளில், கடைசிப் பிரசவத்தை ஒட்டி நடக்கிறது. அதற்குப் பிறகு வரும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில்தான் நார்க்கட்டியும், கர்ப்பப்பைச் சுவருக்குள் உள்சவ்வு வளர்ந்து அது வீங்கிப்போவதும், தைராய்டு கோளாறும் தலைதூக்குகின்றன. பழி ஆபரேஷன்மேல் விழுகிறது, நோயோ கவனிப்பாரின்றி வளர்கிறது. ஆபரேஷனால்தான் என்று முடிவுகட்டுவதில் உள்ள தீமை இதுதான்: அத்தோடு தேடல் நின்றுவிடுகிறது.

சிசேரியனில் நிலைமை நேர்மாறு. அங்கே தழும்பே காரணமாகலாம். கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் வெட்டித் தைத்த இடம் சிலருக்கு முழுத் தடிமனோடு ஆறாமல் உள்பக்கம் சிறு குழியாக நின்றுவிடுகிறது. மாதவிலக்கின் ரத்தம் அந்தக் குழியில் தேங்கி, மாதவிலக்கு முடிந்த பிறகு பல நாட்கள் பழுப்பாகக் கசியும். அந்தத் தனி நிறக் குறி இதற்காகத்தான். ஐந்து நாள் சிவப்பு, பிறகு ஆறேழு நாள் பழுப்பு என்று மூன்று மாதமும் ஒரே மாதிரி விழுந்திருந்தால், "தழும்பில் குழி இருக்கிறதா என்று உள்வழி ஸ்கேனில் பார்ப்பீர்களா?" என்று கேளுங்கள். ரத்தம் தேங்கியிருக்கும் நாட்களில் எடுத்தால் அது தெளிவாகத் தெரியும். இன்னொன்று, வெளித்தழும்பின் பக்கத்தில் கையில் தட்டுப்படும் முடிச்சு. அது மாதவிலக்கு வரும்போதெல்லாம் வீங்கி வலித்தால், தையல் முடிச்சு என்றோ குடலிறக்கம் என்றோ விட்டுவிடாதீர்கள். கர்ப்பப்பையின் உள்சவ்வு தழும்பில் ஒட்டி வளர்ந்திருக்கலாம். அதை வெட்டி எடுத்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டி அண்ட் சி அல்லது கருக்கலைப்புக்குப் பின் சில வாரங்களில் அதிக ரத்தம் என்றால் உள்ளே மிச்சம் தங்கியிருக்கலாம், தொற்று இருக்கலாம். மாறாக மாதாமாதம் வலி மட்டும் வந்து ரத்தம் மிகக் குறைந்துவிட்டால் உள்சுவர்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். நார்க்கட்டியை மட்டும் எடுத்தவர்களுக்குப் புதிய கட்டிகள் வளர வாய்ப்புண்டு. உள்சவ்வைச் சுட்டு அகற்றும் சிகிச்சை செய்தவர்களுக்கு, அதிலும் கருக்குழாய் ஏற்கெனவே கட்டப்பட்டிருந்தால், உள்ளே அடைபட்ட ரத்தத்தால் மாதாமாதம் கடும் வலி வரலாம். கர்ப்பப்பையின் கழுத்தை விட்டுவிட்டு எடுத்தவர்களுக்கு மாதாமாதம் லேசான ரத்தம் தொடர்வது உண்டு.

வலியைப் பிரித்துப் பார்ப்பது

மாதவிலக்கோடு வந்து அதோடு போகும் வலியும், மாதம் முழுவதும் நிற்கும் வலியும் ஒன்றல்ல. முதலாவது பெரும்பாலும் கர்ப்பப்பை, சினைப்பை சார்ந்தது. இரண்டாவதில் குடல், சிறுநீர்ப்பை, இடுப்புத் தசை, தழும்பில் சிக்கிய நரம்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். ஆபரேஷன் ஆகி மூன்று மாதமாவது ஆனவர்கள் வீட்டிலேயே ஒன்றைக் கவனிக்கலாம். மல்லாந்து படுத்து, வலிக்கும் இடத்தில் ஒரு விரலை வைத்து லேசாக அழுத்துங்கள். அப்படியே தலையையும் தோளையும் சற்றுத் தூக்குங்கள். வலி கூடினால் அது வயிற்றுச் சுவரிலோ தழும்பிலோ இருக்கக்கூடும். குறைந்தால் உள்ளுறுப்பில் இருக்கக்கூடும். இதை வைத்து முடிவெடுக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். வயிற்றுச் சுவர் நரம்பு வலிக்கு அந்த இடத்திலேயே மரப்பு ஊசி போட்டு உறுதிசெய்ய முடியும். கர்ப்பப்பையை எடுத்தாலும் அந்த வலி போகாது.

"உள்ளே குடல் ஒட்டியிருக்கிறது, அதைப் பிரித்துவிட வேண்டும்" என்று சொல்லப்பட்டால் கொஞ்சம் நிதானியுங்கள். 2003-இல் லான்செட் இதழில் வந்த ஒரு சோதனையில், நெடுநாள் வயிற்றுவலியும் ஒட்டுதலும் இருந்த 100 பேரில் ஒரு பாதிக்கு லேப்ராஸ்கோப்பியில் ஒட்டுதலைப் பிரித்தார்கள். மறு பாதிக்கு உள்ளே பார்த்ததோடு சரி. தனக்கு எது நடந்தது என்று நோயாளிக்குத் தெரியாது. ஓராண்டுக்குப் பின் இரு பிரிவினருக்கும் வலி ஒரே அளவுக்குக் குறைந்திருந்தது. குடல் அடைப்பு இருந்தால் அது வேறு விஷயம். வலிக்காக மட்டும் ஒட்டுதலைப் பிரிப்பதற்கு ஆதாரம் பலவீனம், ஒவ்வொரு ஆபரேஷனும் புது ஒட்டுதலுக்கு வழி.

மூன்றாவது தாள்: ரத்தப் பரிசோதனை, இரும்புச்சத்து

கணக்கைப் பாருங்கள். ரத்தத்தில் ஒரு மில்லிக்கு ஏறக்குறைய அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. 80 மில்லி போனால் 40 மில்லிகிராம் போச்சு. சாப்பாட்டிலிருந்து உடல் ஒரு நாளைக்கு உறிஞ்சுவது 1 முதல் 2 மில்லிகிராம்தான். அதிலும் சுமார் ஒரு மில்லிகிராம் அன்றாட இழப்புக்கே சரியாகிவிடும். ஆகவே மாதாமாதம் அதிகமாகப் போகிறவர் கீரையும் பேரீச்சம்பழமும் மட்டும் சாப்பிட்டுச் சமாளிக்க முடியாது. மாத்திரை வேண்டும்.

1. நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்திலோ ஸ்ரீரங்கம் அரசு மருத்துவமனையிலோ ஹீமோகுளோபினும் சிறுநீர்க் கர்ப்பப் பரிசோதனையும் செய்துகொள்ளுங்கள். 12-க்குக் கீழே என்றால் ரத்தசோகை. 8-க்குக் கீழே என்றால் அது கடுமையானது. வீட்டு வைத்தியம் வேண்டாம்.
2. இரும்பு மாத்திரையை எலுமிச்சைச் சாறோ நெல்லிக்காயோ சேர்த்து எடுங்கள். காலைக் காபிக்கும் டீக்கும் பாலுக்கும் மாத்திரைக்கும் நடுவே இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். மாத்திரை பலிக்கவில்லை என்று சொல்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது காபி டம்ளரைத்தான்.
3. வயிறு ஒத்துக்கொள்ளாவிட்டால் நிறுத்திவிடாமல், ஒருநாள் விட்டு ஒருநாள் எடுக்கலாமா என்று கேளுங்கள். இரும்பு குறைந்த பெண்களிடம் 2017-இல் வெளியான சுவிஸ் ஆய்வில், அப்படி எடுத்தபோது உறிஞ்சும் அளவு கூடியது.
4. மலம் கறுப்பாகப் போவது இயல்பு. ஹீமோகுளோபின் சரியான பிறகும் மூன்று மாதம் தொடர வேண்டும்.

குறிப்பு: சமயபுரத்து அம்மனோடு 28 நாள் பச்சைப் பட்டினி விரதம் இருப்பவர்கள், ஹீமோகுளோபின் குறைவாக இருந்தால் அந்த வருடம் டாக்டரைக் கேட்டுவிட்டு இருங்கள், மாத்திரையை விடாதீர்கள்.

பெரும்பாட்டுக்கு வாழைப்பூ என்பது காவிரிக்கரை வீடுகளில் தலைமுறை தலைமுறையாக வருவது. வாழைப்பூப் பொரியலும் தயிரும் நல்ல உணவு, தாராளமாகச் சாப்பிடுங்கள். ஆனால் அதைச் சாப்பிட்டுப் பார்க்கிறேன் என்று டாக்டரிடம் போவதை ஆறு மாதம் தள்ளிப்போடுவது ஆபத்து.

டாக்டரைப் பார்க்கும் நாள்

திருச்சி புத்தூரில் உள்ள மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனை, கி.ஆ.பெ. விசுவநாதம் அரசு மருத்துவக் கல்லூரியோடு இணைந்தது. ஸ்கேன், சதைப் பரிசோதனை, மகப்பேறு மற்றும் மகளிர் நோய்ப் பிரிவு எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும். கூட்டம் அதிகம், உங்களுக்குக் கிடைக்கும் நேரம் சில நிமிடங்கள். அதனால்தான் தாள்கள். மாமியாரோ கணவரோ கூட வந்தாலும் பேசுவது நீங்களாக இருக்கட்டும். இப்படித் தொடங்கலாம்: "டாக்டர், எனக்கு இந்தத் தேதியில் சிசேரியன். மூன்று மாதமும் புள்ளி 100-க்கு மேல். ஹீமோகுளோபின் 9. கர்ப்பப் பரிசோதனை இல்லை என்று வந்தது. வலி ரத்தம் வருவதற்கு முன்னாலேயே தொடங்குகிறது." அரை நிமிடத்தில் முடிந்துவிடும். பிறகு கேட்க வேண்டியவை:

1. காரணம் என்ன என்று நினைக்கிறீர்கள்? எதை வைத்து?
2. தைராய்டு பார்க்க வேண்டுமா? (வயதுக்கு வந்த நாள் முதலே அதிகமாகப் போனவர்கள், பல் பிடுங்கியபோதோ ஆபரேஷனின்போதோ ரத்தம் நிற்காமல் போனவர்கள், ரத்தம் உறையும் தன்மையைப் பார்க்க வேண்டுமா என்றும் கேளுங்கள்.)
3. உள்சவ்வில் சதைப் பரிசோதனை தேவையா? 40 வயதைத் தாண்டியவர்களும், உடல் பருமன், சர்க்கரை உள்ளவர்களும் இதைக் கேட்காமல் திரும்பாதீர்கள்.
4. ஆபரேஷன் இல்லாத சிகிச்சை எது? எத்தனை மாதம் பார்க்கலாம்?

நான்காவது கேள்விக்குப் பதில்கள் பல உண்டு. உதிரப்போக்கு நாட்களில் மட்டும் எடுக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் ரத்தத்தைப் பாதியளவு வரை குறைக்கும். ரத்தக்குழாயில் ரத்தக்கட்டி வந்தவர்களுக்கு ஆகாது, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மெஃபனமிக் அமிலம் வலியையும் குறைக்கும். சாப்பிட்ட பிறகுதான் எடுக்க வேண்டும், வயிற்றுப்புண் உள்ளவர்கள் தவிர்க்க வேண்டும். அடுத்தது ஹார்மோன் உள்ள கர்ப்பப்பைச் சாதனம். "லூப்பா, அது ரத்தத்தைக் கூட்டுமே" என்று பலர் பயப்படுகிறார்கள். கூட்டுவது காப்பர்-டி. ஹார்மோன் சாதனம் குறைக்கும். பிரிட்டனில் 571 பெண்களிடம் நடந்து 2013-இல் வெளியான ஆய்வில், வழக்கமான மாத்திரைகளைவிட இதுவே பெண்களின் அன்றாட வாழ்க்கையை அதிகம் மேம்படுத்தியது. முதல் மூன்று முதல் ஆறு மாதம் சொட்டுச் சொட்டாக வரும். இதை முன்பே சொல்லாததால் பலர் இரண்டாவது மாதமே எடுத்துவிடச் சொல்கிறார்கள். அந்தத் தவறைச் செய்யாதீர்கள்.

"பிள்ளை பெற்றாயிற்று, இனி கர்ப்பப்பை எதற்கு?"

இது வலுவான கேள்வி, தட்டிக்கழிக்கக் கூடாது. மாதாமாதம் விடுப்பு எடுக்க முடியாத கூலி வேலைக்காரப் பெண்ணுக்கு ஒரேயடியாக முடிவது பெரிய நிம்மதி. மருந்துக்கு அடங்காத பெரிய நார்க்கட்டிக்கோ புற்றுநோய்க்கோ கர்ப்பப்பை அகற்றுதல் சரியான சிகிச்சையும்கூட. என் மறுப்பு அந்த ஆபரேஷனின் மேல் இல்லை, அது வரிசையில் முன்னால் வந்து நிற்பதன் மேல். 2015-16 தேசியக் கணக்கெடுப்பில், கர்ப்பப்பை எடுத்த பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சொன்ன காரணம் அதிக உதிரப்போக்கு அல்லது வலி. மூன்றில் இரண்டு பங்கு ஆபரேஷன்கள் தனியார் மருத்துவமனைகளில் நடந்தவை. பீகார், சத்தீஸ்கர், ராஜஸ்தான் மாநிலங்களில் காப்பீட்டுப் பணத்துக்காகத் தேவையின்றிக் கர்ப்பப்பை அகற்றப்பட்டதாகத் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளை எல்லா மாநிலங்களும் மூன்று மாதத்துக்குள் ஏற்க வேண்டும் என்று உத்தரவிட்டது. நீதிமன்றம் வரை போன விஷயம் என்பதால், இரண்டாவது டாக்டரிடம் கருத்துக் கேட்பதை அவமரியாதை என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

உடம்பின் கணக்கும் இருக்கிறது. கர்ப்பப்பையோடு சினைப்பைகளையும் 45 வயதுக்கு முன் எடுத்தால், மாதவிடாய் நிற்கும் நிலை ஒரே நாளில் வந்துவிடும். எலும்புத் தேய்மானமும் இதய நோய் ஆபத்தும் கூடும். வலியின் வேர் நரம்பிலோ குடலிலோ இருந்தால் கர்ப்பப்பை போன பிறகும் வலி தொடரும். பணம் தடையாக இருந்தால், குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ளவர்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உண்டு. அட்டை மாவட்ட ஆட்சியர் அலுவலக மையத்தில் கிடைக்கும். ஆனால் அட்டை இருக்கிறது, செலவில்லை என்பது ஆபரேஷனுக்குக் காரணமாகிவிடக் கூடாது.

எல்லாம் பார்த்த பிறகு ஆபரேஷன்தான் என்று முடிவானால்:

1. சம்மதப் படிவம் தமிழில் வேண்டும் என்று கேளுங்கள். எந்த உறுப்பு, கழுத்துப் பகுதியோடா, சினைப்பைகள் விடப்படுமா என்று எழுதியிருப்பதைப் பார்த்த பிறகே கையெழுத்து.
2. ஹீமோகுளோபினை ஏற்றிக்கொண்டு போங்கள். அவசரமில்லாத ஆபரேஷனை அதற்காகச் சில வாரம் தள்ளிவைக்கலாம்.
3. முந்தைய சிசேரியன், குடும்பக் கட்டுப்பாடு விவரங்களை மயக்க மருந்து டாக்டரிடமும் சொல்லுங்கள். சிறுநீர்ப்பை பழைய தழும்போடு ஒட்டியிருக்கலாம் என்பதால் ஆபரேஷன் செய்பவருக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.
4. எடுத்த சதை பரிசோதனைக்குப் போகிறதா என்று கேட்டு, அதன் எண்ணை வாங்கி வையுங்கள். முடிவு டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் வந்திருக்காது. தையல் பிரிக்கப் போகும்போது கேளுங்கள். வரவில்லை என்றால் எந்தத் தேதியில் வர வேண்டும் என்று சீட்டிலேயே எழுதச் சொல்லி, அந்தத் தேதியில் போய் வாங்கி டாக்டரிடம் காட்டிவிட்டு, மற்ற தாள்களோடு வையுங்கள்.